ஆயிரத்து ஐந்நூறு அடி

அந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் லொரெட்டா பிசெக் நினைத்தாள். மாவட்ட நில ஆவண அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடத்தோடு வாழ்கிறவள். எந்த வேலி எவன் நிலத்துக்குள் எத்தனை அடி புகுந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். விஸ்கான்சினின் வடக்கு மூலையில் இருக்கும் அந்த மாவட்டத்தில் மனிதர்களைவிட ஏரிகளும் சதுப்பும் அதிகம். அதில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய காரியம்?

நீதிமன்ற உத்தரவு இரண்டு பக்கம். வெர்ன் கிம்பல், வயது அறுபத்தாறு. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கோடைமுகாம் ஒன்றில் படகோட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு சிறுமிகளைச் சீரழித்தவன். பதினைந்து வருடச் சிறை. அது முடிந்து வெளியே வர வேண்டிய வாரத்தில், இவன் மறுபடியும் செய்யக்கூடியவன் என்று அரசு வழக்குப் போட்டு, அவனைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பியது. மையம் என்பது பெயர்தான். இரட்டை வேலி, காவல் கோபுரம், பூட்டிய கதவு. அங்கே பதினேழு வருடம். இப்போது கண்காணிப்போடு வெளியே விடலாம் என்று நீதிபதி முடிவு செய்திருந்தார். அவன் எந்த மாவட்டத்துக்காரனோ அந்த மாவட்டமே நூற்றிருபது நாளுக்குள் வீடு பார்த்துத் தர வேண்டும். பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், பூங்கா, தேவாலயம் எதிலிருந்தும் ஆயிரத்து ஐந்நூறு அடிக்குள் அந்த வீடு இருக்கக் கூடாது.

வீடு பார்க்க ஐந்து பேர் குழு. நில அலுவலகத்தின் சார்பில் லொரெட்டா. மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் வட்டம் போட்டாள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒன்று. வீட்டிலேயே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாவட்டத்தின் ஊர்களை எல்லாம் விழுங்கிவிட்டன. மிச்சத்தில் பெரும்பாலும் தண்ணீர், காடு. வீடென்று இருந்தவற்றில் வாடகைக்குத் தரக்கூடியவை மூன்றே மூன்று. முதல் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டுக்காரி, "இன்னொரு தடவை இந்த நம்பர்ல கூப்பிட்டா நான் வக்கீலை வச்சுப் பேசுவேன்" என்றாள்.

மூன்றாவது, ஆர்லன் டுவெய்ட்டின் பழைய பண்ணை வீடு. மாடுகளை விற்றுவிட்டு, மனைவி இறந்த பிறகு ஊருக்குள் குடியிருப்பு ஒன்றுக்கு மாறிவிட்ட எழுபத்து மூன்று வயதுக்காரர் அவர்.

"தர்றேன்" என்றார்.

லொரெட்டாவுக்கு அவர் சரியாகக் கேட்டாரா என்று சந்தேகம். மறுபடி முழுவதும் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குதும்மா. கிம்பல்தானே. தர்றேன்னு சொன்னேன்."

"ஏன்னு கேக்கலாமா?"

"கூட்டம் போடுவீங்கல்ல. அங்க வந்து சொல்றேன். ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

உத்தரவு வந்த எட்டாம் நாள், மார்லிஸ் அலுவலகத்துக்கு வந்தாள். லொரெட்டாவுக்கும் மார்லிஸுக்கும் முப்பது வருடப் பழக்கம். ஒரே வருடத்தில் கல்யாணம், பக்கத்துப் பக்கத்து வார்டில் பிரசவம், வியாழக்கிழமை தோறும் சீட்டாட்டம். ஆர்லனின் நிலத்துக்கும் மார்லிஸின் நிலத்துக்கும் நடுவில் ஒரு சதுப்புதான். மகள் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் பகல் முழுக்க மார்லிஸிடம்தான் இருப்பார்கள்.

அவள் கையில் ஒரு பத்திரம் இருந்தது. அவளுடைய கணவர் நிலத்தின் ஒரு மூலையை, கால் ஏக்கர், ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். குழந்தைகள் பூங்கா. ஊஞ்சல்கூட நட்டாகிவிட்டது. மூலை நல்ல மூலை. அங்கிருந்து வட்டம் போட்டால் ஆர்லனின் வாசல்படி உள்ளே வந்துவிடும்.

"நல்ல யோசனைதான்" என்றாள் லொரெட்டா. "ஆனா உத்தரவு போன செவ்வாய்க்கிழமை வந்துடுச்சு. அன்னைக்கு இருந்ததைத்தான் கணக்குல எடுக்க முடியும்."

"அதனாலதான்டி உன்கிட்ட வந்தேன். ஊராட்சிக்காரன் போன மாசமே வாயால சரின்னு சொல்லிட்டான். நீ முத்திரைல தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடி போடு. போன வாரத் திங்கக்கிழமைன்னு."

"மார்லிஸ்."

"என்ன மார்லிஸ்? உத்தரவுக்கு ஒரே ஒரு நாள் முன்னாடி. எவன் பாக்கப் போறான்?"

"நான்தான் பாக்கறேன்."

மார்லிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணு குழந்தைங்க லொரெட்டா. சின்னவளுக்கு அஞ்சு வயசு. நீதான் அவளுக்குத் தொப்பி பின்னிக் குடுத்த. உன் பேத்தியா இருந்தா இந்தத் தேதிப் பேச்சு பேசுவியா?" என்றாள்.

லொரெட்டாவுக்குப் பேத்தி இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். "தெரியல. ஒருவேளை நானும் வந்து கேட்டிருப்பேன். ஆனா இந்த நாற்காலில உக்காந்திருக்கறவ போட்டிருக்கக் கூடாது."

பத்திரத்தை அன்றைய தேதியிலேயே பதிவு செய்து கொடுத்தாள். மார்லிஸ் வாங்கிக்கொண்டு போனாள். அந்த வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்கு யாரும் லொரெட்டாவைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

பொதுக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். அரசாங்கத்து டாக்டர் ஒருவர் வந்திருந்தார். இந்த வயதில், இத்தனை சிகிச்சைக்குப் பிறகு வெளியே வருகிறவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் மறுபடி தப்பு செய்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்.

மார்லிஸ் எழுந்தாள். "அந்த ஆறு பேர்ல இவன் இல்லேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அப்படி யாராலயும் எழுதித் தர முடியாதுங்க."

"அவ்வளவுதான். உக்காருங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருத்தன் லொரெட்டாவைப் பார்த்து, "ஏம்மா, படம் வரையறவங்களே, உங்க வீட்டுப் பக்கத்துல இடமே இல்லையாக்கும்?" என்றான்.

"என் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் சர்ச். இல்லேன்னா அதையும் பட்டியல்ல போட்டிருப்பேன்."

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஆர்லன் முன்னால் வந்தார். ஒலிபெருக்கியைப் பிடிக்காமலேயே பேசினார்.

"அந்த வழக்குல ஜூரியா உக்காந்த பன்னெண்டு பேர்ல நானும் ஒருத்தன். உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. நான்தான் எழுந்து நின்னு 'குற்றவாளி'ன்னு வாசிச்சவன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் வாசிப்பேன். நீதிபதி பதினஞ்சு வருஷம் குடுத்தாரு. கம்மின்னு தோணுச்சு. முப்பது குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு வீட்டுல போய்ச் சொன்னேன். ஆனா குடுத்தது பதினஞ்சு. அது முடிஞ்ச பிறகு இன்னொரு பதினேழு வருஷம் உள்ள வச்சாங்க. செஞ்சதுக்கு இல்ல, செய்யப்போறதுக்கு. அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். அது எவ்வளவு தூரம் போகும்னு அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல."

"அப்ப நீயே கூட்டிட்டுப் போய் சூப் காய்ச்சி ஊத்து" என்று யாரோ கத்தினார்கள்.

"அவன் அங்க சமையல்கட்டுலதான் வேலை பார்த்தானாம். அவனே காய்ச்சிக்குவான்."

மார்லிஸ் மறுபடி எழுந்தாள். இந்த முறை கோபம் இல்லை. "ஆர்லன், உங்களுக்கு மனசாட்சி உறுத்துது. சரி. அதுக்கு விலையா ஏன் என் பேரப்பிள்ளைங்களை வைக்கிறீங்க?"

"அந்த மிச்சத் தொண்ணூத்து நாலு பேர்ல அவன் இல்லேன்னு நீ எழுதிக் குடுப்பியா மார்லிஸ்?"

"எனக்கு அந்த அவசியம் இல்ல."

ஆர்லன் தலையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். ஆனாலும் வீட்டைத் தருகிறேன் என்ற வார்த்தையை அவர் திரும்பப் பெறவில்லை. வேறு இடமும் இல்லை. குழு அந்த வீட்டின் முகவரியை நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பியது. லொரெட்டாவும் கையெழுத்துப் போட்டாள்.

கிம்பல் வருவதற்கு முந்தின வாரம் ஒரு பெண் அலுவலகத்தின் ஜன்னல் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். சட்டை முழுக்க நாய் முடி. பக்கத்து ஊரில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். பெயர் டானா.

"அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தி" என்றாள். "எனக்கு ஒரு தூரம் அளந்து தரணும்."

லொரெட்டா ஒன்றும் கேட்காமல் கணினியைத் திருப்பினாள். டானாவின் வீட்டிலிருந்து அந்தப் பண்ணை வீட்டுக்குச் சாலை வழியாக இருபத்திரண்டு மைல். நேர்கோட்டில் பதினேழு. கடையிலிருந்து பத்தொன்பது. டானா அதையெல்லாம் ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

"கூட்டத்துக்கு நீங்க வரலையே" என்றாள் லொரெட்டா.

"அங்க என் பேரைச் சொல்லாம எல்லாரும் எனக்காகவே பேசிட்டிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் எதுக்கு நடுவுல?" ரசீதை மடித்தாள். "அவன் செத்துப்போயிட்டான்னு சொன்னா எனக்குச் சந்தோஷமா இருக்கும். ஆயுசுக்கும் உள்ளயே வைன்னு சொன்னா எனக்கு அதுல என்னமோ ஒத்துப்போகல. ரெண்டுமே நான்தான். இதைப் போய் மைக் முன்னாடி எப்படிச் சொல்றது?"

சாமான் வாங்க அவனை எந்தக் கிழமை, எந்தச் சாலையில் கூட்டிப்போவார்கள் என்று கேட்டாள். அது குழுவுக்குத் தெரிந்த விஷயம். வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை காலையில நீங்க கடையை விட்டு எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் லொரெட்டா.

டானா அதை எழுதிக்கொள்ளவில்லை. தலையசைத்துவிட்டுப் போனாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து லொரெட்டா மீறிய முதல் விதி அது. சாயங்காலம் வரை அதை நினைத்துப் பார்த்தாள். வருத்தமாக இல்லை.

கிம்பல் ஜூன் மாதம் வந்தான். கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை. வீட்டைச் சுற்றி நூறு அடி வரை நடக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை அதிகாரி வந்து அறை அறையாகப் பார்ப்பார். "நாங்க எழுதி வைக்காத பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். அவன் "இல்லை" என்று கையெழுத்துப் போடுவான். முதல் மாதம் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போயின. யாரோ தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தார்கள். ஆர்லன் வேறொன்று நட்டார். பிறகு அதுவும் ஓய்ந்தது. மார்லிஸின் பேரப்பிள்ளைகள் கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். செப்டம்பரில் மறுபடி ஊஞ்சலாட வந்தார்கள்.

நவம்பரில் அதிகாரி மாடியறை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒரு தொலைநோக்கியைக் கண்டெடுத்தார். அன்றே கிம்பலைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள்.

தொலைநோக்கி ஆர்லனின் மனைவியுடையது. ஆர்லன் வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனது. "என் பொருள்தான், நான்தான் மறந்துட்டேன்" என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். கிம்பலைக் கேட்டார்கள். ஒல்லியான, முதுகு கூனிய மனிதன். சதுப்பில் இறங்கும் கொக்குகளைப் பார்த்ததாகச் சொன்னான்.

"அப்ப வாரா வாரம் கேட்டப்ப ஏன் இல்லேன்னு கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அரசு வழக்கறிஞர்.

"சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"இருபது தடவைக்கு மேல பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

அடுத்து லொரெட்டாவைக் கூப்பிட்டார்கள். அந்த மாடி ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று அளந்து சொல்லும்படி நீதிமன்றம் கேட்டிருந்தது. அவள் நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிட்டு, நேரிலும் போய் நின்று பார்த்திருந்தாள்.

"சதுப்பு தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் மார்லிஸோட நிலம் தெரியும். கோடையில புதர் மறைச்சுடும். அக்டோபர்ல இலை உதிர்ந்த பிறகு ஊஞ்சல் தெரியும்."

"எவ்வளவு தெளிவா?"

"வெறும் கண்ணுல ஒரு புள்ளி. அந்தத் தொலைநோக்கில பார்த்தா ஊஞ்சல்ல உக்காந்திருக்கறது யாருன்னு தெரியும்."

மார்லிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டதை லொரெட்டா பார்த்தாள். கிம்பல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகும் அதைப் பலமுறை யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

தீர்ப்பு மார்ச் வரை தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை அவன் மையத்தில்.

நடைக்கூடத்தில் மார்லிஸ் அவளிடம் வந்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. "நீ இன்னைக்கு உண்மையைச் சொன்ன" என்றாள்.

"அன்னைக்கும் அதைத்தான் செஞ்சேன்."

"அன்னைக்கு நீ அந்தத் தேதியைப் போட்டிருந்தா அவன் அங்க வந்திருக்கவே மாட்டான். என் பசங்களை அவன் பார்த்திருக்கவே மாட்டான்."

"பார்த்தான்னு யாருக்கும் தெரியாது மார்லிஸ்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாது. இனிமே எப்பவும் தெரியாது. அதோடதான் நான் ஊஞ்சல் பக்கம் போகணும்." மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். லொரெட்டாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். அது சமாதானமா என்று லொரெட்டாவால் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் ஆர்லன் வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது ஒரு நோட்டு கிடைத்தது. காலண்டர் தாள்களைத் தைத்துச் செய்தது. தேதி, நேரம், எத்தனை கொக்குகள், எந்தப் பக்கமாக வந்தன, குஞ்சு உண்டா. ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஒரு நாள் விடவில்லை. ஆர்லன் அதை எடுத்துக்கொண்டு நேரே மாவட்ட வழக்கறிஞர் நீலிடம் போனார். லொரெட்டாவும் அப்போது அங்கே இருந்தாள்.

நீல் முழுவதும் புரட்டிப் பார்த்தார். "கொக்கைப் பார்த்தான்கறதுக்கு இது ஆதாரம். வேற எதையும் பார்க்கலைங்கறதுக்கு இல்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நோட்டை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

லொரெட்டா தன் மேஜைக்குத் திரும்பினாள். என்ன தெரியும் என்றுதான் அவளைக் கேட்டார்கள். அதில் எது எத்தனை பங்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஜன்னலிலிருந்து தெரிகிற காட்சியை அவள் மறுபடி கணக்கிட்டாள். அக்டோபருக்குப் பிறகும்கூட அதில் இருபதில் பத்தொன்பது பங்கு சதுப்பும் வானமும்தான். ஊஞ்சல் இருக்கும் மூலை மிச்ச ஒரு பங்கில் ஓர் ஓரம். அதை ஒரு பக்கத்தில் எழுதி, படம் இணைத்து, கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். ஊஞ்சல் தெரியும் என்ற வரியையும் முதல் அறிக்கையில் இருந்தபடியே எழுதினாள்.

மார்ச்சில் நீதிபதி அந்தப் பக்கத்தைப் படித்ததாகச் சொன்னார். கொக்கா ஊஞ்சலா என்று தீர்மானிக்க இந்த நீதிமன்றத்தால் முடியாது, தேவையும் இல்லை என்றார். இருபது தடவைக்கு மேல் மறைத்தவனை நம்பி வெளியே விட முடியாது. விடுதலை ரத்து. ஒரு வருடம் கழித்து மறுபடி மனு செய்யலாம். கிம்பல் "சரிங்க" என்று மட்டும் சொன்னான்.

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் கடையில் ஆர்லனும் லொரெட்டாவும் காப்பி குடித்தார்கள். டானா நீதிமன்றத்துக்கு வரவில்லை. தீர்ப்புக் கடிதம் அவளுக்குத் தபாலில் போகும். ஆர்லன் ஒரு ரொட்டித் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"டாக்டர் என் ரத்தத்துல என்னமோ கண்டுபிடிச்சிருக்காரு" என்றார். "அடுத்த மார்ச்சுக்கு நான் இருப்பேனான்னு சொல்ல முடியாது. என் பொண்ணு வீட்டை விக்கச் சொல்றா. அந்தப் பூங்கா வர்றதுக்கு முன்னாடியே கோர்ட்டு ஒத்துக்கிட்ட வீடு, அதனால அவனுக்கு இன்னமும் அது செல்லும். வேற யாருக்காவது வித்துட்டா அவனுக்குப் போக இடம் கிடையாது. இடம் இல்லேன்னா மனு போட்டும் பிரயோஜனம் இல்ல. உள்ளேயே முடிஞ்சுடும்."

"அவன் பார்த்தானா இல்லையான்னு நீங்க யோசிக்கறதே இல்லையா?"

"தினமும் யோசிக்கறேன். பாதி நாள் பார்த்தான்னு தோணும், பாதி நாள் இல்லேன்னு தோணும். ஜூரில உக்காந்தப்ப நாலே மணி நேரத்துல முடிவு பண்ணிட்டோம். இதுல முடிவே வரமாட்டேங்குது." சாவியை மேஜை மேல் வைத்தார். "உன்கிட்ட விக்கறேன். என்ன விலை குடுப்பியோ குடு."

"நான் குழுல இருக்கேன். வாங்கக் கூடாது."

"தெரியும்."

லொரெட்டா காப்பியைக் குடித்து முடித்தாள். மார்லிஸின் சின்னப் பேத்தியை நினைத்தாள். டானா எழுதிக்கொண்ட மைல்களை நினைத்தாள். அவன் நல்லவன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆர்லனும் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

"முதல்ல, கோடைக்குள்ள அந்த ஊஞ்சல் பக்கமா மரம் நடணும்" என்றாள். "இலை உதிராத மரம். வரிசையா. வளர வருஷம் ஆகும்."

"அதுக்கு நான் ஆள் பாக்கறேன்" என்றார் ஆர்லன்.

ஏப்ரல் முதல் வாரம் அவள் குழுவிலிருந்து விலகினாள். காரணம் என்ற கட்டத்தில், ஆர்லனின் வீட்டை வாங்கப் போகிறேன் என்று உள்ளதை எழுதினாள். அந்தச் சனிக்கிழமை மார்லிஸின் வீட்டுக்குத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். மற்றவர்கள் வாயால் அவள் கேட்பதற்கு முன்னால், வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள். மார்லிஸ் முழுவதையும் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள்.